ஏற்றி இறக்கும் மரத் தாங்கி

எட்டடிப் பலகையை மேசை ரம்பத்தில் நெடுக்காக அறுக்கும்போது, முதல் நான்கடி வரை எந்தச் சிரமமும் இருக்காது. அதற்கு மேல் பலகையின் பாதி எடை மேசைக்கு அந்தப் பக்கம் போய்விடும். முன்முனை தாழும், கைப்பக்கம் எழும்பும். பிளேடுக்கு மேல் பலகை சாயும் அந்த நொடியில்தான் அறுவாய் இறுகிக் கட்டை உங்களை நோக்கி எகிறுகிறது. கையால் அழுத்திச் சமாளிக்கப் பார்ப்பதுதான் விரல் போவதற்கான வழி. பலகையை வாங்கிக்கொள்ள அந்தப் பக்கம் ஏதாவது ஒன்று நிற்க வேண்டும்.

கடையில் இரும்பு உருளை வைத்த தாங்கிகள் கிடைக்கின்றன. ஒரு பத்தடிச் சட்டமும் அரைத்தாள் பிளைவுட்டும் இருந்தால், அதைவிட உறுதியான ஒன்றை ஒரு வார இறுதியில் நீங்களே செய்துவிடலாம். இங்கே சொல்லும் தாங்கியின் தலை தரையிலிருந்து 755 மி.மீ. முதல் 1,035 மி.மீ. வரை ஏறி இறங்கும். மேசை ரம்பம், பட்டை ரம்பம், துளையிடும் மேசை என்று பெரும்பாலானவை இதற்குள் அடங்கிவிடும். ஆனாலும் மரம் வாங்குவதற்கு முன் உங்கள் மேசையின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். 755-ஐவிடத் தாழ்வாக இருந்தால் நிலைக்கால், முதுகுப் பலகை, ஏறு பலகை ஆகிய மூன்றின் நீளத்திலும் அந்த வித்தியாசத்தைக் குறைக்க வேண்டும்.

உருளையா, கட்டையா?

உருளைதான் சுலபம் என்று பலரும் நினைக்கிறார்கள். நான் கட்டை பக்கம். ஒற்றை உருளை, பலகை போகும் திசைக்குச் சரியாகக் குறுக்கே நின்றால்தான் ஒழுங்காக வேலை செய்யும். கொஞ்சம் கோணினாலும் பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். பலகை வேலியை விட்டு விலகும், அல்லது வேலிக்கும் பிளேடுக்கும் இடையில் நெருங்கும். இரண்டுமே ஆபத்து. மெழுகு தேய்த்த வழவழப்பான கட்டை எந்தப் பக்கமும் இழுக்காது. தாங்கி சற்றுக் கோணலாக நின்றாலும் பலகை தன் வழியில் போகும். தள்ளுவதற்குச் சற்றுக் கூடுதல் பலம் வேண்டும், அவ்வளவுதான்.

எந்த மரம்?

கால்களுக்கும் அடிக்கட்டைகளுக்கும் மெராந்தி போதும். இலேசானது, ஆணிக்கும் ஸ்க்ரூவுக்கும் இடம் கொடுக்கும், கிள்ளான் வட்டார மரக்கடைகளில் தேடி அலைய வேண்டாம். 2×3 இஞ்சு என்று கேட்டு வாங்கி இழைத்தால் ஏறத்தாழ 45×70 மி.மீ. வரும். எல்லா அளவுகளும் இதை வைத்தே சொல்லப்பட்டுள்ளன. உங்கள் கட்டை சற்று மாறினால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

உச்சியில் வரும் தலைக்கட்டைக்கு மட்டும் கடினமரம் வேண்டும். கெம்பாஸ், பாலாவ், மெர்பாவ் இவற்றில் எந்தத் துண்டு கிடைத்தாலும் சரி. ரப்பர் மரமும் நன்றாக உழைக்கும். கடையில் ‘காயு கெத்தா’ என்று கேளுங்கள். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு அது அடுப்பெரித்த விறகு. பால் வற்றி, 25, 30 வருடத்தில் வெட்டும் மரம் இன்று நாற்காலியாகவும் மேசையாகவும் கப்பலேறுகிறது. அதற்கு இரண்டு குறை உண்டு: மருந்து ஏற்றாத மரத்தில் புழு விழுந்து மாவு கொட்டும், நனைந்தால் கறுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். மருந்து ஏற்றிக் காயவைத்த பலகையாகப் பார்த்து வாங்கி, மழை படாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

துறைமுகப் பட்டினத்தில் இருப்பதால் பலட் மரம் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். தாராளமாக எடுக்கலாம், முத்திரையைப் பார்த்துவிட்டு. நாடு விட்டு நாடு போகும் பலட்டில் கோதுமைக் கதிர் படத்தோடு ஒரு முத்திரை குத்தியிருப்பார்கள். அதில் ‘எச்.டி.’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் இருந்தால், மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்திருக்கிறார்கள் என்று பொருள், அதை எடுக்கலாம். ‘எம்.பி.’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு நச்சுப்புகை போட்டது, தொடாதீர்கள். முத்திரையே இல்லாதது, எண்ணெய்க் கறையோ இரசாயன வாடையோ உள்ளது, இவையும் வேண்டாம். ஒளிந்திருக்கும் ஆணியைக் காந்தத்தால் தடவிப் பார்த்துப் பிடுங்கிய பிறகே ரம்பத்தில் வையுங்கள்.

தேவையான துண்டுகள்

- அடிக்கட்டை: 45×70×600 மி.மீ., 2
- நிலைக்கால்: 45×70×600 மி.மீ., 2
- தலைக்கட்டை: 45×70×500 மி.மீ. கடினமரம், 1
- முதுகுப் பலகை: 18 மி.மீ. பிளைவுட், 490×600, 1
- ஏறு பலகை: 18 மி.மீ. பிளைவுட், 397×600, 1
- பக்கப் பலகை: 18 மி.மீ. பிளைவுட், அடி 300, உயரம் 250, மேலே 70 மி.மீ. ஆகக் குறுகுவது, 2
- பாரப் பலகை: 18 மி.மீ. பிளைவுட், 490×250, 1
- காப்புச் சட்டம்: 20×20×600, 2
- தாங்கு சட்டம்: 30×30×390, 2
- எம்10 கேரியேஜ் போல்ட், 70 மி.மீ. நீளம், 2. தலைக்குக் கீழே சதுரக் கழுத்து உள்ளதுதான் வேண்டும். அதுதான் முறுக்கும்போது கூடவே சுற்றாமல் மரத்தைப் பிடித்துக்கொள்ளும்.
- அகலமான வாஷர் 2, இறக்கை நட் அல்லது கைப்பிடி நட் 2
- ரப்பர் பாதம் வைத்த மட்டத் திருகு (மேசைக்காலுக்குப் போடுவது), 4
- 40, 60 மி.மீ. மர ஸ்க்ரூ, மரப் பசை, உப்புத்தாள், வெள்ளை மெழுகுவர்த்தி ஒன்று

போல்ட், நட், வாஷர் எல்லாம் எவர்சில்வரில் வாங்குங்கள். போர்ட் கிள்ளான், பண்டமாரான் பக்கம் கடற்காற்றில் சாதாரண இரும்பு சீக்கிரமே துருப்பிடிக்கும். துருவேறிய இறக்கை நட்டை இறுக்கியாகிவிட்டது என்று கை நம்பும், ஆனால் பலகை மெல்லக் கீழே நழுவிக்கொண்டிருக்கும்.

செய்முறை

1. எல்லாத் துண்டுகளையும் முதலிலேயே அறுத்து, ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் பெயர் எழுதிவிடுங்கள். நிலைக்கால் இரண்டும் ஒரே நீளமாக இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கிளாம்ப் போட்டு ஒரே வெட்டில் அறுப்பது நல்லது.

2. அடிக்கட்டையின் 70 மி.மீ. பக்கம் செங்குத்தாக நிற்கட்டும். அதன் நடுவில் நிலைக்காலை நிறுத்துங்கள். நிலைக்காலின் 70 மி.மீ. பக்கம் அடிக்கட்டையின் நீளவாக்கில் வர வேண்டும். வெளிப்பக்கம் இரண்டும் ஒரே தளமாக இருக்கும். மூலைமட்டம் வைத்துப் பார்த்து, பக்கப் பலகையைப் பசை தடவி, 40 மி.மீ. ஸ்க்ரூ எட்டால் வெளிப்பக்கத்தில் பூட்டுங்கள். அடிக்கட்டையில் நான்கு, நிலைக்காலில் நான்கு. ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் முன்துளை போடாவிட்டால் மரம் பிளக்கும். அடுத்த காலையும் இதே போல், ஆனால் கண்ணாடியில் பார்ப்பதுபோல எதிர்ப்புறமாகச் செய்யுங்கள். இரண்டையும் ஒரே பக்கமாகச் செய்துவிட்டுத் தலையில் கைவைக்கிறவர்கள் அதிகம்.

3. இரண்டு கால்களையும் படுக்கப் போட்டு, உள்பக்க இடைவெளி 400 மி.மீ. வைத்து, பின்பக்கத்தில் முதுகுப் பலகையைப் பூட்டுங்கள். முதலில் நான்கு மூலையிலும் ஒவ்வொரு ஸ்க்ரூ மட்டும். பிறகு மூலைக்கு மூலை குறுக்காக அளந்து பாருங்கள். இரண்டு குறுக்களவும் 775 மி.மீ.க்குப் பக்கத்தில், ஒன்றுக்கொன்று சமமாக வர வேண்டும். 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் தட்டிச் சரிசெய்து, அதன் பிறகே பசையும் மிச்ச ஸ்க்ரூவும். தாங்கி பக்கவாட்டில் ஆடாமல் நிற்பது இந்த முதுகுப் பலகையால்தான். இங்கே அவசரப்பட்டால் பின்னால் வரும் எதுவும் பொருந்தாது.

4. ஏறு பலகையில் நீள்துளை போடுங்கள். பலகையின் நடுக்கோட்டிலிருந்து இடமும் வலமும் 100 மி.மீ. தள்ளி, கீழ்விளிம்புக்கு இணையாக இல்லாமல் செங்குத்தாக இரண்டு கோடு இழுங்கள். ஒவ்வொரு கோட்டிலும் கீழ்விளிம்பிலிருந்து 230 மி.மீ. உயரத்தில் ஒரு புள்ளி, 510-இல் இன்னொரு புள்ளி. நான்கு புள்ளியிலும் 12 மி.மீ. துளை. அடியில் வேண்டாத பலகை ஒன்றை வைத்துத் துளைத்தால் பிளைவுட்டின் தோல் பெயராது. மேல்துளைக்கும் கீழ்த்துளைக்கும் நடுவே இரண்டு ஓரக்கோடு இழுத்து ஜிக்சாவால் வெட்டி, உள்விளிம்பை உப்புத்தாளால் தேயுங்கள். போல்ட்டைக் கையில் பிடித்து மேலும் கீழும் ஓட்டிப் பாருங்கள். எங்கேயும் தடுக்கக் கூடாது.

5. முதுகுப் பலகையில் மேல்விளிம்பிலிருந்து 60 மி.மீ. இறக்கி, அதே 200 மி.மீ. இடைவெளியில் இரண்டு 10 மி.மீ. துளை போட்டு, பின்பக்கமிருந்து போல்ட்டைச் செருகிச் சுத்தியலால் தட்டி உட்கார வையுங்கள்.

6. ஏறு பலகையை இரண்டு நிலைக்காலுக்கும் நடுவே, போல்ட் இரண்டும் நீள்துளையில் வரும்படி முதுகுப் பலகைமேல் வைத்து, வாஷரும் நட்டும் மாட்டுங்கள். பக்கத்துக்கு ஒன்றரை மி.மீ. இடம் மிஞ்சும். அதை நிரப்ப நினைக்காதீர்கள், மழைக்காலத்தில் நிலைக்கால் பருத்து அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். இனி ஏறு பலகைமேல் பிஸ்கட் பெட்டியின் அட்டையை இரண்டாக மடித்து வைத்து, அதன்மேல் காப்புச் சட்டத்தை அமர்த்தி, நிலைக்காலின் உள்பக்கத்தில் பூட்டுங்கள். அட்டையை உருவினால் ஏறத்தாழ 1 மி.மீ. இடைவெளி கிடைக்கும். காப்புச் சட்டத்துக்குப் பசை வேண்டாம், ஸ்க்ரூ மட்டும். என்றாவது இறுகினால் கழற்றி ஓர் இழைப்பு இழைத்து மாட்டிவிடலாம்.

7. தலைக்கட்டையை 70 மி.மீ. பக்கம் மேலே வரும்படி வைத்து, நீளவாட்டு விளிம்பு இரண்டையும் நன்றாக உருட்டுங்கள். இழைப்புளியால் முதலில் சரிவாக எடுத்து, பிறகு உப்புத்தாளால் வளைக்கலாம். முன்விளிம்பைப் பின்விளிம்பைவிட அதிகமாகச் சரியுங்கள், 20 மி.மீ. வரை போகலாம். பலகையின் முனை தொங்கிக்கொண்டு வரும்போது இந்தச் சரிவுதான் அதை மேலே ஏற்றிவிடும். சரிவு இல்லாவிட்டால் பலகை வந்து முட்டி நிற்கும், நீங்கள் இன்னும் பலமாகத் தள்ளுவீர்கள், தாங்கி கவிழும்.

8. ஏறு பலகையின் மேல்விளிம்பில், முன்னும் பின்னுமாகத் தாங்கு சட்டங்களைப் பசையும் 40 மி.மீ. ஸ்க்ரூவும் போட்டுப் பூட்டுங்கள். அவற்றின்மேல் தலைக்கட்டையை அமர்த்தி, கீழிருந்து தாங்கு சட்டம் வழியாக 60 மி.மீ. ஸ்க்ரூ ஏற்றுங்கள். மேலிருந்து ஒரு ஸ்க்ரூகூடப் போட வேண்டாம். ஸ்க்ரூவின் தலை எவ்வளவு அமிழ்ந்திருந்தாலும் மரம் தேயத் தேய வெளியே வந்து, இழைத்து முடித்த பலகையில் கோடு போட்டுவிடும்.

9. பாரப் பலகையை இரண்டு அடிக்கட்டைக்கும் குறுக்கே, நிலைக்காலுக்கு முன்னால் பூட்டுங்கள். இரண்டு காலையும் இது இணைக்கிறது. மணல் மூட்டை வைக்கவும் இதுதான் இடம்.

10. அடிக்கட்டையின் நான்கு முனையிலும் மட்டத் திருகைப் பொருத்தி, தரைக்கும் மரத்துக்கும் நடுவே 10 மி.மீ. வரும்படி வையுங்கள். கடைசியாகத் தலைக்கட்டையில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துப் பழந்துணியால் பளபளப்பாக்குங்கள். சிலிகான் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். அது பலகையில் ஒட்டிக்கொண்டு, பிறகு அடிக்கும் வார்னிஷ் அங்கங்கே பிடிக்காமல் குழிவிழும்.

போர்ச்சில் நிறுத்தும்போது

நம்மில் பெரும்பாலோருக்குப் பட்டறை என்பது தாமான் வீட்டின் கார் போர்ச்தான். அந்தத் தரை மட்டமாக இருக்காது. மழைநீர் வாய்க்காலுக்கு ஓடுவதற்காகச் சரித்துப் போட்டிருப்பார்கள். நூற்றுக்கு ஒன்று என்ற சரிவு கண்ணுக்கே தெரியாது, ஆனால் 600 மி.மீ. அடிக்கட்டையின் இரு முனைக்கும் நடுவே 6 மி.மீ. வித்தியாசம். உச்சியில் தாங்கி அவ்வளவுக்கும் சாய்ந்து நிற்கும். மட்டத் திருகு அதற்காகத்தான். தாங்கியை வேலை செய்யும் இடத்தில் வைத்து, தலைக்கட்டையில் இரசமட்டம் வைத்து, நான்கு திருகையும் திருப்பிச் சரிசெய்யுங்கள். ரம்பமும் தாங்கியும் நிற்கும் இடத்தைத் தரையில் பெயின்டால் குறித்துவிட்டால் அடுத்த முறை இந்த வேலை இல்லை.

உயரம் வைப்பதற்குத் தனிக் கருவி வேண்டாம். நேரான நீளச் சட்டம் ஒன்றை ரம்ப மேசையிலிருந்து தாங்கி வரை நீட்டிவிட்டு, தலைக்கட்டையை அதைத் தொடும் வரை ஏற்றுங்கள். பிறகு 1 அல்லது 2 மி.மீ. இறக்கி இறுக்குங்கள். வெளிவரும் பக்கத்தில் தாங்கி மேசையைவிடச் சற்றுத் தாழ்ந்தே இருக்க வேண்டும். ஒரு மயிரிழை உயர்ந்தாலும் பலகையைப் பிளேடிலிருந்து தூக்கும். பலகை உள்ளே போகும் பக்கத்தில் வைப்பதென்றால் மேசைக்குச் சமமாக வைக்கலாம். அடிக்கடி பயன்படும் உயரங்களை நிலைக்காலின் முன்பக்கத்தில் கோடு போட்டு ‘ரம்பம்’, ‘துளை மேசை’ என்று எழுதிவையுங்கள்.

எவ்வளவு தள்ளி நிறுத்துவது?

இதைத்தான் அதிகம் பேர் தப்பாகச் செய்கிறார்கள். மேசைக்கு ஒட்டினாற்போல் வைத்தால், அறுத்து முடிந்ததும் பலகை தாங்கியைத் தாண்டிக் கவிழும். ரொம்பத் தள்ளி வைத்தால், முனை தொங்கித் தலைக்கட்டைக்கு அடியில் போய் முட்டும். கணக்கு இதுதான்: பிளேடின் பின்விளிம்பிலிருந்து, பலகை நீளத்தில் பாதி, அதோடு 150 மி.மீ. எட்டடிப் பலகை 2,440 மி.மீ.; பாதி 1,220; தாங்கியின் இடம் 1,370 மி.மீ. தொலைவில். அறுப்பு முடியும்போது பலகையின் நடு எடை மேசைக்கும் தாங்கிக்கும் நடுவே இருக்கும், அதனால் கையை எடுத்தாலும் விழாது. 12 மி.மீ. போன்ற மெல்லிய பலகை அந்தத் தூரத்துக்குள்ளேயே வளைந்து தொங்கும். அதற்கு நடுவில் இன்னொரு தாங்கி வேண்டும்.

முழு 8×4 பிளைவுட்டுக்கு ஒற்றைத் தாங்கி போதவே போதாது. 18 மி.மீ. தாள் சுமார் 30 கிலோ, அகலமும் அதிகம். இரண்டு தாங்கி பக்கம் பக்கமாக, கூடவே ஓர் ஆளும் வேண்டும். அந்த ஆள் செய்யும் தப்பு எப்போதும் ஒன்றுதான்: அறுந்து வரும் பலகையைப் பிடித்து இழுப்பது. ஆரம்பிப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: “இழுக்காதே தம்பி, கீழே கை கொடுத்தால் போதும். தள்ளுவது என் வேலை.”

முதல் முறை பலகை ஏற்றுவதற்கு முன்

ரம்பத்தை ஓட்டாமல் சோதியுங்கள். தாங்கியைப் பாதி உயரத்துக்கு ஏற்றி நட்டை இறுக்கி, நிலைக்காலின் உச்சிக்கு நேராக ஏறு பலகையில் பென்சிலால் குறித்து, 10 கிலோ அரிசி மூட்டை ஒன்றைத் தலைக்கட்டைமேல் வைத்துக் கால் மணி நேரம் விடுங்கள். பிறகு இரண்டு மூட்டை. குறி இறங்கியிருந்தால் நட்டின் இறுக்கம் போதவில்லை. அகலமான வாஷராக மாற்றுங்கள், அல்லது வாஷருக்கும் பலகைக்கும் நடுவே பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்று வையுங்கள். அடுத்து, தலைக்கட்டையைப் பலகை போகும் திசையில் உள்ளங்கையால் தள்ளிப் பாருங்கள். அடிக்கட்டையின் முன்முனை தூக்கினால் பாரப் பலகையில் மணல் மூட்டை ஏற்றுங்கள். முழு உயரத்தில் வேலை செய்யும்போது மூட்டை கட்டாயம்.

பாதுகாப்பு

தாங்கி இருக்கிறது என்ற தைரியத்தில் மற்றவற்றை விட்டுவிட வேண்டாம். பிளேடுக்குப் பின்னால் நிற்கும் பிளவுத் தகடு அறுவாய் மூடாமல் காப்பது. அதைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்கிற பழக்கம் நம் பட்டறைகளில் நிறைய, அதற்குத் தாங்கி மாற்றல்ல. கடைசி அரையடியைத் தள்ளுகோலால் தள்ளுங்கள். பிளேடைத் தாண்டிக் கை நீட்டாதீர்கள். சுற்றும் பிளேடுக்குப் பக்கத்தில் கையுறை ஆகாது. கண்ணாடி, காதடைப்பு, மூக்குக் கவசம் மூன்றும் வேண்டும், மருந்தேற்றிய ரப்பர் மரத் தூளுக்கு மூக்குக் கவசம் இல்லாமல் நிற்கவே கூடாது.

ஓடும் ரம்பத்துக்குப் பக்கத்தில் தாங்கியின் உயரத்தை மாற்றாதீர்கள். இறக்கும்போது ஒரு கை தலைக்கட்டைக்குக் கீழே இருக்கட்டும். இரண்டு நட்டையும் ஒன்றாகத் தளர்த்தினால் ஏறு பலகை சடாரென்று விழும், தாங்கு சட்டத்துக்கும் முதுகுப் பலகைக்கும் நடுவே விரல் இருந்தால் நசுங்கும். இதன்மேல் ஏறி நிற்பதும் உட்காருவதும் கூடாது.

கிள்ளான் பக்கம் பிற்பகல் மழை சொல்லாமல் வரும். சாரல் போர்ச்சுக்குள் வந்தால் முதலில் ரம்பத்தின் பிளக்கைப் பிடுங்குங்கள், பலகையைக் காப்பாற்றுவது அப்புறம். நீட்டிப்பு வயரைச் சுருளாகவே வைத்து ரம்பத்தை ஓட்டினால் சூடேறும், முழுவதும் பிரித்துப் போடுங்கள். வீட்டின் கசிவுக் கட்டுப்பாட்டு சுவிட்ச் வேலை செய்கிறதா என்று சோதனைப் பொத்தானை அமுக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்பு

மெழுகு தேய்ந்தால் பலகை தள்ளக் கனக்கும். அப்போது இன்னொரு முறை தேயுங்கள். நீள்துளையில் மரத்தூள் சேர்ந்தால் பழைய பல்துலக்கி போதும். பெருங்கடல் ஏற்றத்தின்போது, அதாவது அலை அட்டவணையில் 5 மீட்டரைத் தாண்டும் நாட்களில், தாழ்வான தெருக்களில் கடல்நீர் வீட்டு வாசல் வரை வருவதுண்டு. அந்த நாட்களில் தாங்கியைத் தரையில் விடாதீர்கள். உப்புத் தண்ணீரில் ஊறிய பிளைவுட்டின் அடி தோல் தோலாகப் பிரியும். முதுகுப் பலகையில் இரண்டு துளை போட்டுச் சுவரில் நீளமான கொக்கி வைத்து மாட்டிவிடலாம், இடமும் மிச்சம். பாரப் பலகையிலிருந்து மணல் மூட்டையை எடுத்துவிட்டு மாட்டுங்கள்.